மூன்று அலுமாரிகளும் பதினொரு ரின் ஸ்பிறேயும்

அடித்து முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அலுமாரிக் கதவின் மேல் மூலையில் பெயின்ற் மெல்ல நெளியத் தொடங்கியது. முதலில் ஏதோ பூச்சி ஊர்கிறது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், காய்ச்சி ஆறவைத்த பாலின் ஓரத்தைக் கரண்டியால் தொட்டதும் ஆடை எப்படிச் சுருங்குமோ, அப்படியே சுருங்கிச் சுருங்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் ரின்னைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். விறாந்தையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். அவர் அப்போது எதுவுமே சொல்லவில்லை என்பது வேறு கதை.

பங்குனிக் கடைசியில் தொடங்கிய வேலை இது. மகள் தன் சினேகிதி வீட்டில் வெள்ளை அலுமாரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் அறையில் நிற்பதெல்லாம் பேய் வீட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்றாள். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போய் நாலைந்து தளபாடக் கடை ஏறி இறங்கினோம். மூன்று கதவு அலுமாரி ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் என்றார்கள். பின்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். பிஸ்கட் பேணியைத் தட்டின மாதிரிச் சத்தம். அட்டை என்று சொல்லக்கூடிய ஒரு மெல்லிய பலகையை ஆணி அடித்து விட்டிருக்கிறார்கள். விற்பனைக்கு நின்ற தம்பி, "அக்கா, இது இறக்குமதிச் சாமான்" என்றான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறிப் போனதிலிருந்து அந்த இறக்குமதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை தானாகக் கைப்பையை மூடிவிடும்.

கனடாவில் இருக்கும் அண்ணா வட்ஸ்அப்பில், "காசு போடுறன், உதுகளைத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசு வாங்கு" என்றார். தூக்கி எறிவது அங்கே சுகமான வேலையாக இருக்கலாம். இங்கே அந்த அலுமாரியை அறையில் இருந்து விறாந்தைக்குக் கொண்டுவரவே நாலு ஆம்பிளைகள் வேண்டும், கொண்டுவந்தாலும் எங்கே எறிவது? வளவு மூலையில் வைத்தால் ஒரு மழைக்குள் கறையான் குடிவந்துவிடும், இல்லாவிட்டால் கோழி அடைகாக்கும். அந்த நேரத்தில்தான் யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரி பழைய அலுமாரியை ஸ்பிறே அடித்துப் புதிதாக்கும் வீடியோ கண்ணில் பட்டது. எட்டு நிமிட வீடியோ. எட்டு நிமிடத்தில் அவள் முடித்துவிட்டாள். எனக்கு எட்டுக் கிழமை எடுத்தது.

எங்கள் வீட்டில் அலுமாரி மூன்று. ஒன்று அப்பா செய்வித்த பலகை அலுமாரி, இரண்டு கதவு, கீழே ஒரு நீள லாச்சி. இரண்டாவது 2011இல் வாங்கிய மெலமைன் அலுமாரி, மரத்தூள் பலகைக்கு மேல் பளபளப்பான தோல் ஒட்டினது. போர் முடிந்து பாதை மறுபடி திறந்தபிறகு தெற்கில் இருந்து லொறி லொறியாகத் தளபாடம் வந்து இறங்கிய காலத்தில் தவணைக் காசுக்கு எடுத்தது. மூன்றாவது அம்மாவின் சீதன அலுமாரி, முதிரை, நடுவில் ஆள் உயரக் கண்ணாடி. (இந்த வீட்டுச் சாமான்களின் பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலுமாரி, கதிரை, மேசை, யன்னல் எல்லாம் போர்த்துக்கீசன் விட்டுப் போனவை. 1658இல் அவனைத் துரத்திவிட்டு வந்த ஒல்லாந்தன் தன் பங்குக்கு லாச்சியைக் கொடுத்தான். கோட்டையை விட்டுப் போய்விட்டார்கள், எங்கள் படுக்கை அறையை விட்டுப் போகவில்லை.)

சரி, சுருங்கின கதவுக்கு வருவோம்.

நான் செய்த பிழை மிகவும் சாதாரணமான பிழை. ஸ்ரான்லி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கிறீம் நிறத்தில் நாலு ரின் ஸ்பிறே வாங்கினேன், ஒவ்வொன்றும் 400 மில்லிலீற்றர். அப்பாவின் அலுமாரியின் இடது கதவைக் கழற்றி வேப்பமரத்தடியில் இரண்டு வாங்கில் மேல் கிடத்தி, அரத்தாளால் ஒப்புக்கு நாலு இழுப்பு இழுத்துத் தூசி தட்டிவிட்டு அடித்தேன். அந்தக் கதவில் ஏற்கெனவே இருந்தது தூரிகையால் அடித்த எண்ணெய் எனமல். ஸ்பிறே ரின்னுக்குள் இருக்கும் பெயின்ற் சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகக் கடுமையான தின்னர் வகைகளில் கரைத்திருப்பார்கள். அது பழைய எனமலுக்குள் இறங்கி அதை ஊற வைக்கும். ஊறினது விரியும், விரிய இடமில்லாமல் பலகையை விட்டுக் கிளம்பிச் சுருங்கும். தடிப்பாக அடித்தால் இன்னும் மோசம், ஏனென்றால் தின்னர் ஆவியாகப் போகாமல் அங்கேயே நின்று ஊறிக்கொண்டிருக்கும். நான் ஒரே மூச்சில் நாலில் இரண்டு ரின்னைக் காலி பண்ணியிருந்தேன்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரிங்கரிங் கராஜ் வைத்திருக்கும் அண்ணை. வாகனங்களுக்கு நெளிவு எடுத்துப் பெயின்ற் அடிக்கிறவர். கதவைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். நகத்தால் ஒரு சுருக்கத்தைக் கிள்ளி எடுத்து, "தங்கச்சி, எனமலுக்கு மேல உதை அடிச்சால் உப்பிடித்தான் வரும். முழுக்க உரிச்சுப்போட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" என்றார்.

உரித்தேன். இந்த வேலையின் முக்கால்வாசி அதுதான், வீடியோவில் இருபது செக்கன் காட்டுவார்கள்.

முதலில் மண்ணிறம் வந்தது. அது அப்பா அடித்தது, 2002 சித்திரையில், சமாதான காலத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்து சாமான் வரத் தொடங்கினபிறகு. அப்பாவுக்குப் பெயின்ற் அடிக்கத் தெரியாது. மேலிருந்து கீழே வழிந்த துளிகள் அப்படியே இறுகிக் குண்டுமணி போல நின்றன, ஓர் இடத்தில் தூரிகையின் மயிர் ஒன்று பெயின்றுக்குள் படுத்திருந்தது. சுரண்டியின் நுனியால் அதைக் கிளப்பப் பார்த்தேன், முறிந்து பாதி வந்தது. மண்ணிறத்துக்குக் கீழே வலது கதவில் வெளிர் பச்சை, ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை. இடது கதவில் பச்சை இல்லை. மண்ணிறம் போனதும் நேரே மரம். அதுவும் வேறு மரம். வலது கதவு நெருக்கமான ரேகையும் சிவப்புமாக இருக்க, இடது கதவு வெளிறி, ஒரு கணுவோடு, பலகையின் நடுவில் ஒட்டுத் தெரிந்தது.

அம்மாவிடம் கேட்டபோதுதான் நினைவுபடுத்திச் சொன்னார். போரில் வலிகாமமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் கோண்டாவிலை விட்டு வெளிக்கிட்டு, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் தாண்டி மட்டுவில் போய்ச் சேர்ந்தோம். அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரி நின்ற இடத்தில் நின்றது, ஆனால் ஒரு கதவில்லை. பங்கருக்கு மேல் போடக் கொண்டுபோனார்களோ, அடுப்புக்குப் போனதோ, யாருக்குத் தெரியும். உள்ளே சேலை ஒன்றும் இல்லை, தட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. எனக்குப் பூனை நினைவிருக்கிறது, கதவு நினைவில்லை. கொஞ்சக் காலம் அந்தப் பக்கத்துக்குச் சாரத்தைத் தொங்கவிட்டிருந்ததாம். பிறகு அப்பா ஓர் ஓடாவியைப் பிடித்து, கிடைத்த வேம்புப் பலகையில் கதவு போடுவித்திருக்கிறார். இரண்டு கதவும் இரண்டு நிறமாக நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. பெயின்ற் வந்ததும் முதல் வேலையாக மண்ணிறத்தை இரண்டுக்கும் சேர்த்து அடித்துவிட்டார்.

பச்சையைக் கண்டதும் நான் உலர்வாகத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். 80களில் அடித்த பெயின்ற் அது, அந்தக் காலத்து எனமல்களில் ஈயம் கலப்பது சாதாரணம். தூள் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் போவது ஒருவருக்கும் நல்லதில்லை, பிள்ளைகளுக்குக் கட்டாயம் கூடாது. மகளைக் கொக்குவிலில் மாமி வீட்டுக்கு அனுப்பினேன். கீழே பொலித்தீன் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டினதைக் கூட்டாமல் பொலித்தீனோடு சுருட்டிக் கட்டினேன். சூடு காட்டி உரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பழைய பெயின்றுக்கு அது செய்யவே கூடாது, ஈயம் புகையாகக் கிளம்பும். கொரோனாக் காலத்தில் மிஞ்சின நீல மாஸ்க் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அது தூசிக்கும் சரியாக உதவாது, தின்னர் மணத்துக்குச் சுத்தமாக உதவாது. இரண்டு பக்கமும் கரி டப்பா பூட்டுகிற ரப்பர் மாஸ்க் ஒன்றை அண்ணையிடமே இரவல் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போனதில் மீன்காரர் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

இடது கதவின் உட்புறத்தில் மண்ணிறம் மெல்லிசாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே பென்சிலால் ஓடாவி எழுதின கணக்கு வந்தது: 5 அடி 9½, கீழே ஒரு கோடு, ஓர் அம்புக்குறி, "மேல்" என்று ஒரு சொல். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று தனக்குத்தானே எழுதி வைத்திருக்கிறார். அந்த இடத்தில் நான் தேய்க்கவில்லை. மாஸ்க்கிங் ரேப்பால் நாலு பக்கமும் கட்டம் கட்டி, மேலே கடதாசி ஒட்டிவிட்டேன். இப்போது திறந்து பார்த்தால் கிறீம் நிறத்துக்கு நடுவே ஒரு தபாலட்டை அளவில் பழைய மரம் தெரியும்.

உரித்து, 120 அரத்தாளில் தொடங்கி 180, 240 என்று ஏறி (எண் கூடக் கூட அரத்தாள் நைஸ்), ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மறுபடி தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிறைமர் என்கிற அடிப்பூச்சை அடித்தேன். இங்கே ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஆறரை அடி உயரம், நாலு அடி அகலம், இரண்டு அடி ஆழம் உள்ள அலுமாரிக்கு முன்பக்கமும் இரண்டு பக்கமும் சேர்த்தால் 52 சதுர அடி, கிட்டத்தட்ட 5 சதுர மீற்றர். ஒரு 400 மில்லிலீற்றர் ரின்னால் நிறம் மூடும்வரை நாலு மெல்லிய பூச்சு அடித்தால் ஒரு சதுர மீற்றர், கை தேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கூட. ஆக ஓர் அலுமாரிக்கே ஐந்து ஆறு ரின், பிறைமர் வேறு. ரின்னில் அடைத்த பெயின்ற் காசுக்குக் கூடின பெயின்ற். அதில் பாதிக்காசு ரின்னுக்கும் காற்றுக்கும். பெரிய அலுமாரிக்கு ஸ்பிறே ரின் சரிவராது என்பது என் முடிவு. அண்ணை ஞாயிற்றுக்கிழமை கராஜைப் பூட்டிவிட்டுக் கொம்பிறசரையும் கண்ணையும் தந்தார். கண் என்றால் பெயின்ற் அடிக்கிற துவக்கு. ஒரு லீற்றர் எனமலை ரேப்பன்ரைன் விட்டு இளக்கி அந்த அலுமாரி முழுவதையும் அதிலேயே அடித்து முடித்தோம். தொடங்க முதல் கொம்பிறசர்த் தொட்டியின் அடியில் இருந்த வால்வைத் திறந்துவிட்டார். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குத் துருத் தண்ணீர் வடிந்தது. எங்கள் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். காற்றை அமுக்கினால் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும், வடிக்காவிட்டால் அது பெயின்றோடு துப்பும்.

மீதி இருந்த இரண்டு ரின்னோடு இன்னும் நாலு நிறமும் மூன்று பிறைமரும் வாங்கினேன், மெலமைன் அலுமாரிக்கு. வாங்கினதைக் கூட்டிப் பார்த்தால் பதினொன்று.

மெலமைன் அலுமாரிக்கு ஸ்பிறே ரின் பொருத்தம் என்று சொல்வேன், ஆனால் அதுவும் இலேசில் பிடி கொடுக்காது. மெலமைன் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி, பெயின்றுக்குப் பிடிக்க இடமே இல்லை. 240 அரத்தாளால் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை தேய்க்க வேண்டும், அதிகம் தேய்த்தால் மேல்தோல் கிழிந்து உள்ளே இருக்கும் மரத்தூள் வெளியே வரும். பிறகு வழுக்கும் பரப்புக்கென்றே விற்கிற ஒட்டும் பிறைமர். சாதாரணப் பிறைமர் அடித்தால் ஆறு மாதத்தில் நகம் பட்டாலே உரியும். கீழே அடிப்பலகை, அறை கழுவுகிற தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பாண் மாதிரி ஊதியிருந்தது. ஊதின சிப்போட், அதுதான் அந்த மரத்தூள் பலகை, திரும்ப ஒடுங்காது. எந்தப் பெயின்றும் அதை மறைக்காது. ஊதினதை இரண்டு அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு, கீழே மரக்கட்டை நாலு கொடுத்துத் தூக்கி வைத்தோம், இப்போது தும்புத்தடி உள்ளே போகும்.

அடிக்கிற விதம் கைக்கு வர ஒரு ரின் போகும், அதை ஒரு பழைய பலகையில் போக்குவது நல்லது. உள்ளே கிடக்கும் குண்டு கலகலவென்று சத்தம் போடத் தொடங்கினபிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். தூரம் ஒரு சாணும் நாலு விரலும். ஒரு சாணுக்குக் குறைந்தால் வழியும். ஒன்றரைச் சாணுக்குக் கூடினால் பெயின்ற் காற்றிலேயே காய்ந்து மண் தூவின மாதிரி விழும், கை வைத்தால் பூனை நாக்கு. கதவுக்கு வெளியே அமத்தத் தொடங்கி, கையை ஒரே வேகத்தில் குறுக்கே கொண்டுபோய், மறு ஓரத்துக்கு வெளியேதான் விரலை எடுக்க வேண்டும். கதவுக்கு மேலே வைத்து அமத்தினால் அந்த இடத்தில் ஒரு குளம் கட்டும். அடுத்த வரி முந்தின வரியில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சில் மரமோ பிறைமரோ தெரியத்தான் வேண்டும். தெரியட்டும் என்று விடுவதற்குப் பொறுமை வேண்டும், எனக்கு இருக்கவில்லை, வலது லாச்சியில் மூன்று வழிசல் இன்னும் நிற்கிறது.

ரின்னின் முதுகில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருக்கும்: அடுத்த பூச்சு ஒரு மணித்தியாலத்துக்குள் அடி, இல்லாவிட்டால் ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு அடி. நான் வாங்கின ரின்னில் 48 மணித்தியாலம். இடையில் அடித்தால் கீழே பாதி காய்ந்திருக்கும் பூச்சு சுருங்கும், அதே பாலாடை. அம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்று ஒருநாள் இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து அடித்தேன். ஒரு லாச்சி முகப்பை மறுபடி தேய்க்க வேண்டி வந்தது. சாப்பாடு நல்ல ஒடியல் கூழ், அதனால் வருத்தம் இல்லை.

காயட்டும் என்று காத்திருந்த நேரத்தில் இந்த ஸ்பிறே பெயின்றைக் கண்டுபிடித்தது யார் என்று தேடினேன். 1949இல் அமெரிக்காவில், இலினோய் மாநிலத்தில், எட்வர்ட் சீமோர் என்ற பெயின்ற் வியாபாரி. தன்னிடம் இருந்த அலுமினியப் பெயின்றை ஆட்களுக்கு அடித்துக் காட்ட ஒரு சுகமான வழி தேடிக்கொண்டிருந்தாராம். ரின்னுக்குள் போட்டுக் காற்றோடு அடித்தால் என்ன என்று யோசனை சொன்னது அவருடைய மனைவி. காப்புரிமை அவர் பெயரில். நான் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உது புதுசே?" என்றார்.

எதிரிகள் பல பேர். முதலாவது வேப்பம்பூ. சித்திரையில் எங்கள் முற்றம் வெள்ளையாகக் கிடக்கும், அதன் கீழே கதவைக் கிடத்தினது என் மூளை. ஈரப் பெயின்றில் விழுந்த பூவைக் கையால் எடுக்கக் கூடாது, எடுத்தால் விரலும் சேர்ந்து பதியும். காயவிட்டு, 400 அரத்தாளால் தட்டிவிட்டு அடுத்த பூச்சு அடிக்க வேண்டும். ஒரு பூவை நான் காணவில்லை. மெலமைன் அலுமாரியின் வலது கதவில், கைபிடிக்கு ஒரு முழம் மேலே, ஐந்து இதழும் தெரிகிற மாதிரி நாலு பூச்சுக்குக் கீழே கிடக்கிறது.

இரண்டாவது காற்று. வைகாசியில் சோளகம் தொடங்கினால் புழுதி யன்னலுக்குள்ளால் சோற்றுக் கோப்பை வரை வரும். அதற்கு முன் காலை ஏழு மணிக்கு, பனி காய்ந்து வெயில் ஏறுவதற்குள் அடித்துவிட வேண்டும். மத்தியான வெயிலில் 33, 34 பாகையில் பெயின்ற் பரவ நேரமில்லாமல் இறுகிப்போய்த் தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியாக நிற்கும். மண் முற்றத்துக்கு நன்றாகத் தண்ணீர் தெளித்தேன், வெள்ளிக்கிழமை தெளிக்கிற மாதிரி, ஆனால் இரண்டு மடங்கு. நனைத்த சேலை இரண்டைக் கொடியில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினேன். அப்படியிருந்தும் மதிலுக்கு அங்கால் காய்ந்த வேட்டி ஒன்றில் கிறீம் புள்ளி விழுந்து, அதற்கு நான் ஒரு புது வேட்டி வாங்கிக்கொடுத்தேன். நல்லகாலம், வேட்டியும் வெள்ளை.

மூன்றாவது நல்லெண்ணெய். மெலமைன் அலுமாரியின் பக்கப் பலகையில், கட்டிலோடு ஒட்டி நிற்கிற இடத்தில், எவ்வளவு அடித்தாலும் பெயின்ற் விலகி விலகிச் சின்னச் சின்ன வட்டமாக அடிப் பரப்பைக் காட்டியது. சோப்புத் தண்ணீரால் கழுவித்தான் இருந்தேன். அந்த உயரத்தைப் பார்த்தபோது விளங்கியது: மகள் சனி முழுகிவிட்டுச் சாய்ந்து இருந்து போன் பார்க்கிற இடம். பத்து வருசத் தலை எண்ணெய். ஸ்பிரிட்டு நனைத்த துணியால் துடைத்து, துணியை மாற்றி மாற்றித் துடைத்து, துணி மஞ்சளாக வருவது நின்றபிறகுதான் பெயின்ற் பிடித்தது.

இன்னொன்று, வீட்டுக்குள் அடிக்கிறவர்களுக்கு. ரின்னுக்குள் பெயின்றைத் தள்ளுகிற வாயு பெரும்பாலும் எரிவாயு வகை, சமையல் காஸ் சிலிண்டரின் சொந்தக்காரன், காற்றை விடப் பாரம், தரையோடு ஊர்ந்து போகும். எங்கள் வீட்டில் படுக்கை அறைக்கு அடுத்தது சாமியறை, ஆறு மணிக்கு விளக்கு. அதனால் வெளியே கழற்றக்கூடியதெல்லாம் வெளியே கொண்டுபோனேன், கழற்ற முடியாததைக் காலையில் யன்னல் எல்லாம் திறந்துவிட்டு அடித்தேன், அன்று மட்டும் அம்மா விளக்கை விறாந்தையில் வைத்தார்.

பித்தளைக் கைபிடிகள் அப்பாவின் மண்ணிறத்துக்குள் கிடந்தன, பித்தளை என்றே எனக்குத் தெரியாது. கொதிநீரில் போட்டதும் பெயின்ற் தோலாகக் கழன்றது, பிறகு பழப்புளியும் உப்பும். பிணைச்சல்களை மட்டும் புதிதாக வாங்கினேன்.

இனி அம்மாவின் அலுமாரி. இரண்டு அலுமாரியும் கிறீம் நிறத்தில் நின்றபோது மூன்றாவது மட்டும் கறுத்து, கல்யாண வீட்டில் துக்கம் விசாரிக்க வந்த ஆள் மாதிரி நின்றது. எனக்குக் கை துருதுருத்தது. அண்ணையைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பஞ்சில் ஸ்பிரிட்டு நனைத்து, பின்பக்கம் ஒருவரும் பாராத மூலையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தார். பஞ்சு தேன் நிறமாக வந்தது, அந்த இடம் பிசுபிசுத்தது. அப்படியென்றால் அது அரக்குப் பொலிஸ், ஒருவகைப் பூச்சி மரக்கிளையில் விடுகிற அரக்கை எடுத்து ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் நூறு தரம் தடவி ஏற்றினது. ஸ்பிரிட்டுக்கு இளகுவதால் அதை உரிக்கவே தேவையில்லை, கறையைத் துடைத்துவிட்டு மேலே புதுப் பொலிஸ் தடவினால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். கறுப்பு என்று நாங்கள் நினைத்தது ஐம்பது வருச ஊதுபத்திப் புகை. ஒரு உள்ளங்கை அளவு துடைத்துக் காட்டினார். உள்ளே முதிரை, பொன் நிறத்தில், சாய்த்துப் பார்த்தால் பட்டுச் சேலை மடிப்பு மாதிரி ரேகை ஓடியது.

"உதுக்குப் பெயின்ற் அடிச்சால் கை அழுகிப்போம், தங்கச்சி" என்றார். மெலமைனுக்கும், இரண்டு மரத்தில் ஒட்டுப்போட்ட அப்பாவின் அலுமாரிக்கும் பெயின்ற் சரி. முதிரைக்கு, தேக்குக்கு, பலாவுக்கு அடிக்காதீர்கள். இதை நான் எந்தச் சண்டைக்கும் தயாராகச் சொல்வேன், இரண்டு நாளைக்கு முன்வரை நானே அடிக்க ரின் எடுத்து வைத்திருந்தேன் என்றாலும்.

முடிந்தது என்று நினைத்துச் சாமான்களை அடுக்கினதுதான் கடைசிப் பிழை. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வது வேறு, உள்ளே இறுகுவது வேறு. எனமலுக்கு ஒரு கிழமையாவது வேண்டும், இரண்டு கிழமை என்றால் நிம்மதி. நாங்கள் மூன்றாம் நாளே அப்பாவின் அலுமாரிக்குள் சேலைகளை வைத்துக் கதவைச் சாத்தினோம். காலையில் திறக்க முடியவில்லை. இழுத்தபோது படக் என்று சத்தம், சட்டத்தில் இருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ற் கதவோடு வந்துவிட்டது, உள்தட்டில் அம்மாவின் ஊதா நூல் சேலையின் நெசவு அப்படியே பதிந்து கிடந்தது, ஒவ்வொரு இழையாக எண்ணலாம். கதவு பிடிக்கிற இடங்களில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டு, பத்து நாள் திறந்தபடியே வைத்தேன்.

உரிந்த அந்த விரல் நீளம் இன்னும் இருக்கிறது. ஒரு ரின் மிச்சம் இருக்கிறது, நிறம் அதேதான், சுற்றியிருக்கிற எனமலில் படாமல் மறைத்துக்கொண்டு, வாடைக்காற்றுத் தொடங்கி ஈரம் ஏற முதல் ஒருநாள் காலையில் அடித்துவிடலாம். நேற்று ரின்னைத் தேடி எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். குண்டுச் சத்தம் கேட்டு அம்மா அறைக்குள் போனார். முதிரை அலுமாரியைப் பூட்டுகிற சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் கட்டிலில் ஒன்றும் தெரியாத மாதிரிப் படுத்திருக்கிறார், தலையணைக்குக் கீழே இருந்து திறப்பின் சிவப்பு நூல் எட்டிப் பார்க்கிறது.